ஆற்றங்கரையில் அருகிவரும் நீர்க்குழற்பூண்டு

நெல், மரக்கறிச் செய்கையாளருக்கான துண்டுப்பிரசுரம்

ஆறும் ஓடையும் பெருகியோடும் மாதங்களிற் கமக்காரரின் கண் நீரின்மேலேயே இருக்கும். கரையை எவரும் நோக்குவதில்லை. மழை ஓய்ந்து, நீர்மட்டம் தாழ்ந்து, கரையோரத்துச் சேறும் கல்லும் வெளித்தோன்றும் காலத்தில் அவ்விடத்தைக் குனிந்து பார்ப்போர், சில ஊர்களில் ஒரு சிறு பூண்டைக் காணுதல் கூடும். இலைகள் நிலத்தோடு ஒட்டிய கொத்தாக இருக்கும். சில பச்சை, சில கபிலம், விளிம்பு நெளிந்தவையும் உண்டு. அவற்றிடையே விரலளவான ஒரு குழல் நிமிர்ந்து நிற்கும். அதன் வாய் ஊதா, மஞ்சள் அல்லது கபில நிறமான ஒரு நாக்குப் போல ஒருபுறம் விரிந்திருக்கும். அதுவே பூ. களையெனக் கருதி மண்வெட்டியால் ஒரே வெட்டில் அகற்றிவிடக்கூடிய இப்பூண்டின் இலங்கை இனங்கள், இலங்கையையன்றி உலகில் வேறெந்நாட்டின் ஆற்றிலும் இயற்கையாக வளர்வன அல்ல.

தாவரவியலார் இதனைக் கிரிப்டோகொரைன் என்பர். ஒளித்து வைக்கப்பட்ட கதாயுதம் என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். அப்பெயர் ஏற்பட்ட காரணம் பின்னர் விளங்கும். இப்பிரசுரத்தில் வசதி கருதி இது நீர்க்குழற்பூண்டு எனப்படும். இது சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குலத்தில் ஏறக்குறைய பத்து இனங்கள் இலங்கையில் உள்ளன. மகாவலிகங்கையின் மேற்பகுதியிலும் அதன் கிளையாறுகளிலும் சில. சிங்கராசவனத்தை அடுத்த ஈரவலயத்து ஓடைகளிற் சில. கிழக்கு மாகாணத்து உலர்வலயத்திலும் ஓர் இனம் உண்டு. யாவும் ஒரே வகையான இடத்தில் வாழ்வன அல்ல. ஆயினும் ஒவ்வோர் இனமும் தனக்கெனச் சில ஓடைகளையும் சில கரைகளையுமே உடையது என்பதை மறத்தலாகாது. ஓர் ஓடையின் கரை சீர்குலைந்தால், அவ்வினத்தின் உலகிற் பெரும்பங்கு சீர்குலைந்ததாகும்.

பூவும் ஈயும்

தென்னம்பாளை விரியுமுன் பூக்கள் அனைத்தும் பாளையினுள் மூடப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். சேம்பின் குடும்பத்திலும் அவ்வாறான பாளை உண்டு. நீர்க்குழற்பூண்டிலோ அப்பாளை குழலாகச் சுருண்டு நீண்டுள்ளது. குழலின் அடியில் ஒரு சிறு அறை அமைந்திருக்கும். அவ்வறையினுள் மெல்லிய ஒரு தண்டு நிற்கும். தண்டின் அடியிற் பெண்பூக்கள் ஒரு வளையமாகவும், அதற்குச் சற்று மேலே ஆண்பூக்கள் நெருங்கியும் அமைந்துள்ளன. கதாயுதம் எனப்பட்டது இத்தண்டே. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது புலப்படாது.

பாளையின் வாய் விரிந்தவுடன் அதிலிருந்து ஒரு மணம் எழும். அம்மணத்தை நாடிவரும் சிறு ஈக்கள், வழுவழுப்பான குழலுள் இறங்கி அறையை அடைகின்றன. ஏறிச் செல்ல முயன்றால் வழுக்கும். அறையின் வாயிலிலும் ஒரு சிறு மடிப்புத் தடையாக நிற்கும். முதனாளிற் பெண்பூக்களே முதிர்ந்திருக்கும். ஆகையால் வேறொரு பூவிலிருந்து மகரந்தத்தைச் சுமந்துவந்த ஈ அதனை இங்கே ஒப்படைத்துவிடுகின்றது. பின்னரே ஆண்பூக்கள் மகரந்தத்தை வெளியிடும், தடையும் தளரும். மகரந்தம் பூசப்பட்ட ஈ வெளியேறி மற்றொரு பூவிற் சென்று மீண்டும் அகப்படும். தன் பூவின் மகரந்தம் தன் சூலகத்திற் படாதவாறு இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. பூசணிக்கும் பாகலுக்கும் ஆண்பூவையும் பெண்பூவையும் வேறுபடுத்தி வைத்திருப்பதும் இக்காரணம் பற்றியதே.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஈ நீந்தி வருவதன்று. குழலின் வாய் நீருக்குமேல் நின்றாலன்றி மகரந்தச்சேர்க்கை நிகழாது. இப்பூண்டு நீரில் மூழ்கியும் பல மாதங்கள் உயிர்வாழும். ஆயின் நீர் இறங்காத ஆண்டில் வித்துக்கு இடமில்லை. நீர் ஏறுவதும் இறங்குவதுமாகிய ஆற்றின் பருவமே இதன் வாழ்க்கைக் கணக்கு. காய் முற்றியதும் நட்சத்திரம் போலப் பிளந்து வித்துக்களை உதிர்க்கும். அவை நீரோடு சிறிது தூரம் சென்று, சேறு கண்ட இடத்தில் விரைவில் முளைக்கும். நெல்வித்தைப் போல உலர்த்திச் சாடியில் அடைத்துப் பல்லாண்டு காக்கக்கூடிய வித்தன்று இது.

வித்தின்றியும் பூண்டு பெருகும். நிலத்தடிக் கிழங்குத் தண்டிலிருந்து ஓடிகள் புறப்பட்டுப் புதிய கொத்துகளை உண்டாக்கும். சில கரைகளில் இவை விரித்த பாய்போல அடர்ந்து சேற்றைப் பற்றிக்கொண்டு நிற்பதற்கு இவ்வோடிகளே காரணம்.

இனங்களும் இடங்களும்

இவ்வினங்களுட் சிலவற்றின் பெயரில் இலங்கையின் பழைய தாவர ஆராய்ச்சியாளரின் பெயர் தங்கியுள்ளது. பேராதனைத் தாவரத் தோட்டத்தை 1849 முதல் மேற்பார்த்து வந்த துவெயிற்சு என்பவரின் பெயரை ஈரவலயத்து இனமொன்று தாங்குகின்றது. அதற்கு 1857 இற் பெயரிடப்பட்டது. அதன் இலை தடித்துச் சொரசொரப்பானது; பாளையின் வாயோ வெண்மையில் செந்நிறப் புள்ளிகள் தெளித்தது. பார்வா எனும் இனம் மலைநாட்டது. குலத்தில் மிகச் சிறியது அதுவே. இலைக்கொத்து சில அங்குல உயரத்தைத் தாண்டுவது அரிது. வெந்தி எனும் இனத்தின் கதை சற்று வேடிக்கையானது. இலங்கைச் செடியாகிய அது ஐரோப்பாவின் மீன்தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்தபோது ஆராயப்பட்டு 1958 இற் பெயர்பெற்றது. தனது ஆற்றிற் கவனிக்கப்படாத செடி, பிறநாட்டார் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிற் பெயர்பெற்றமை எண்ணத்தக்கது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிக் கமக்காரருக்கு நெவிலி எனும் இனம் கூடிய அக்கறைக்குரியது. ஏட்டுச்சுவடிகளைத் திரட்டியவராக அறியப்படும் இயூ நெவில் என்ற அரசாங்க உத்தியோகத்தரின் பெயரால் 1898 இல் அது குறிக்கப்பட்டது. உலர்வலயத்தில், மாரியில் நீர் நின்று கோடையிற் காயும் நிலத்தில் அது வாழ்கின்றது. நிலம் காய்ந்ததும் இலைகள் மடிந்துவிடும். கிழங்குத் தண்டு மாத்திரம் மண்ணுள் அடங்கியிருந்து அடுத்த மழைக்குத் தளிர்க்கும். அவ்வியல்பான தாழ்நிலமே நெற்செய்கைக்கும் ஏற்றதாகையால், பூண்டும் கமக்காரரும் ஒரே நிலத்தை நாடுகின்றனர். கோடையில் வெறுந்தரையெனத் தோன்றும் ஓடைக்கரையைப் பொறி கொண்டு சமப்படுத்துபவர், மண்ணுள் உறங்கும் செடியை அறியாமலே அழித்துவிடுதல் கூடும். மீன்தொட்டிச் செடி வியாபாரத்தில் இப்பெயரால் நெடுங்காலம் விற்கப்பட்டது மலைநாட்டுக் கலப்பினமாகிய வேறொரு பூண்டு என்பதும் இங்கு கூறத்தக்கது. கடையில் அப்பெயர் மலிந்திருந்தமையால் ஆற்றிற் செடியும் மலிந்திருந்தது என எண்ணலாகாது.

களையா, அரிய செடியா?

நீர்ச்செடி என்றவுடன் கமக்காரர் ஐயுறுவது இயல்பே. சல்வீனியா 1939 இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் படிப்புக்காகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் வயலையும் குளத்தையும் மூடிய வரலாறு யாவரும் கேள்விப்பட்டதே. அவ்வாறாயின் நீர்க்குழற்பூண்டும் ஒருநாள் வயலை மூடாதோ என்று கேட்கலாம்.

அதற்கு மறுமொழி கூறுமுன் ஒரு செய்தியை மறைத்தல் நேர்மையன்று. பெக்கெற்றி எனும் இலங்கை இனம் மீன்தொட்டி வழியாக ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்குச் சென்று, 1990 களில் அங்குள்ள சான் மார்க்கோஸ் ஆற்றிற் பரவியது. அவ்வாற்றில் டெக்சஸ் காட்டுநெல் என்னும் அரிய புல் உண்டு. நமது நெல்லுக்குத் தூரத்து உறவான அது, 1978 இல் அழியும் ஆபத்திலுள்ள தாவரமாக அந்நாட்டு அரசாங்கத்தாற் பதியப்பட்டது. அக்காட்டுநெல்லின் இடத்தை இலங்கைப் பூண்டு பிடிக்கத் தொடங்கியமையால், கையாலும் உறிஞ்சும் பொறியாலும் அதனை அகற்ற நேர்ந்தது. இங்கு அருகிவரும் செடி அங்கு களையாயிற்று.

இதிலிருந்து அறியவேண்டியது யாது? பூண்டு வலிமையற்றது அன்று என்பதே. சான் மார்க்கோஸ் ஆறு ஊற்றுநீரால் ஓடுவது. அதன் நீர் தெளிந்தது. ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதும் மாறாதது. அத்தகைய இடங் கிடைத்தபோது ஒரு சில செடிகள் பெருங்கூட்டமாயின. தன் நாட்டில் அது குறைந்துபோனதற்குக் காரணம் செடியிற் குறையன்று. கரையிலும் நீரிலும் ஏற்பட்ட மாற்றமே. இலங்கை வயல்களில் இது நெல்லோடு போட்டியிட்டு விளைவைக் குறைக்கும் களையன்று. நிழல்படும் ஓடைவிளிம்பே இதன் இடம். உழுது மிதித்துச் சேறாக்கும் வயலில் இது நிலைப்பதில்லை. ஆயினும் ஓரிடத்துச் செடியை வேறோர் ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுதல் ஆகாது என்பதற்கு டெக்சஸ் செய்தி போதிய சான்று.

குறைவுக்குக் காரணங்கள்

பெரிய காரணங்களுள் அணைகளும் அடங்கும். மகாவலிகங்கையிற் பொல்கொல்லை அணைக்கட்டு 1976 இலும், கொத்மலை, விக்டோரியா அணைகள் 1985 இலும் தொழிற்படத் தொடங்கின. அவற்றால் உலர்வலயத்துப் பல்லாயிரம் வயல்கள் நீர் பெற்றன, மின்சாரமும் பெறப்பட்டது. அப்பயனைக் குறைத்துப் பேசுதல் முறையன்று. எனினும் ஆழமற்று ஓடிய ஆற்றின் நெடும்பகுதி ஆழமான நீர்த்தேக்கமாயிற்று. விளிம்புச் சேற்றிற் பூப்பதற்கென அமைந்த செடி அங்கே வாழ்தல் இயலாது. அணைக்குக் கீழோ, நீர் பருவப்படி ஏறி இறங்காது தேவைப்படி ஏறி இறங்குகின்றது. இது கமக்காரராற் திருத்தக்கூடியதன்று. ஆனால் பேராற்றில் இடமிழந்த செடிக்குக் கிளையோடைகளே எஞ்சிய புகலிடம். கிளையோடைகளின் கரையிற் பெரும்பகுதியோ கமக்காரரின் காணியை ஒட்டியது.

அக்கரையில் நிகழ்வதைச் சற்று விரிவாக நோக்குவோம். மலைநாட்டிற் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி செய்கை பண்ணுவோர் ஓடையின் விளிம்புவரை பாத்தி கட்டுதல் வழக்கமாகியுள்ளது. இரண்டு பாத்தி கூடினால் இரண்டு பாத்தி விளைவு கூடும் என்பது கணக்கு. அக்கணக்குப் பிழையானது. விளிம்பிலுள்ள மரமும் புல்லும் வெட்டப்பட்டதும் வேரின் பிடி தளர்கின்றது. அடுத்த பெருமழையிற் கரை சரிந்து, புதிதாகக் கட்டிய பாத்தியோடு பழைய பாத்தியையும் கொண்டுபோகும். கொண்டுபோகப்படுவது அடிமண்ணன்று, எருவும் பசளையும் இட்டுப் பண்படுத்திய மேன்மண். அம்மண் ஓடையின் அடியிற் படிந்து பூண்டின் இலைகளை மூடுகின்றது. எஞ்சியது கீழேயுள்ள வாய்க்காலையும் குளத்தையும் தூர்க்கின்றது. அங்கு நெற்செய்கை பண்ணுபவர் சிறுபோகத்தில் நீர் போதாதென முறையிடும்போது, மேலேயுள்ள தோட்டத்தின் மண்ணே தம் குளத்தில் நீரிருக்கவேண்டிய இடத்திற் கிடக்கின்றது என்பதை அறியார்.

அளவுக்கு மிஞ்சிய பசளையும் மழையோடு ஓடையிற் சேரும். அதனாற் பாசி பெருகி, மெதுவாக வளரும் இப்பூண்டின் இலைகளிற் படரும். மரநிழல் நீங்கிய ஓடையில் வெயிலும் சேர்ந்துகொள்ளும்போது பாசிக்கு அது பெருவாய்ப்பு. வாய்க்காற் கரையையும் ஓடைக்கரையையும் களைநாசினி தெளித்து வெறுமையாக்குதல் இன்னும் கேடானது. கத்தியால் வெட்டிய புல் மீண்டும் தளிர்த்துக் கரையைக் காக்கும்; களைநாசினியால் வேரோடு மடிந்த புல்லின் கரை அடுத்த மழைக்கே கரையும். தெளிகருவியை ஓடையிற் கழுவுதல் பற்றி வேறு பிரசுரங்களிலும் எச்சரிக்கப்பட்டிருக்கும். அவ்வோடையின் நீரையே கீழேயுள்ள வீட்டார் குடிக்கவும் குளிக்கவும் எடுக்கின்றனர் என்பதொன்றே அதனைத் தவிர்க்கப் போதிய காரணம்.

மணல் அகழ்தலும் கரையை வீழ்த்தும். அனுமதிப்பத்திரமின்றி ஆற்றில் மணல் எடுத்தல் சட்டவிரோதமானது. இறுதியாக, செடியைப் பறித்து விற்பவர்களைக் குறிப்பிடவேண்டும். மீன்தொட்டிச் செடியாக இப்பூண்டு உலகெங்கும் விலைபோகின்றது. இன்று பண்ணைகளில் வளர்த்த செடிகளே வியாபாரத்திற் பெரும்பங்காயினும், அரிய இனம் தேடி ஆற்றுக்கு வருவோர் இல்லாமலில்லை. சாக்குக் கணக்கிற் பிடுங்கச் சொல்லி ஊர்ப்பிள்ளைகளுக்குச் சில்லறை கொடுப்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். அவர் கொடுக்கும் பணம் ஒருமுறை வருவது. ஓடையின் செடி மறுமுறை வராது.

கமக்காரர் செய்யத்தக்கவை

முதலாவது, ஓடையை ஒட்டி ஒரு பட்டை நிலத்தைக் கொத்தாமல் விடுதல். அரச ஒதுக்கீட்டு நிலத்தின் அகலம் இடத்துக்கிடம் வேறுபடும்; அதனைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்க. ஒதுக்கீட்டு நிலம் கமக்காரருடையதன்று. அதிற் செய்த செலவு எந்நாளும் ஆபத்திலுள்ள செலவாகும். தமது சொந்தக் காணியூடாகச் சிற்றோடை செல்லுமாயினும், இரு கரையிலும் பத்தடியாவது விடுதல் தகும். சாய்வு கூடிய நிலமாயின் அதனினும் கூட வேண்டும். மண்பாதுகாப்புக்கென 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதிலும் தம் மேன்மண்ணைக் கருதிச் செய்வதே நிலைக்கும்.

அப்பட்டையில் நிற்கும் மருது, இலுப்பை, மூங்கில், நாணல் ஆகியவற்றை நிற்கவிடுக. ஏற்கெனவே வெறுமையாகிவிட்ட கரையில் வெட்டிவேரை நெருக்கமாக நட்டு, அதன் பின்னே மருதங்கன்றுகளை வைக்கலாம். மரம் வளர்ந்து நிழல் விழுந்த பின்னரே நீர்க்குழற்பூண்டுக்கு ஏற்ற இடம் உண்டாகும். ஓரிரு ஆண்டில் எதிர்பார்த்தல் வேண்டாம். சாய்வான தோட்டத்திற் பாத்திகளைச் சமவுயரக் கோட்டில் அமைத்து, ஓடையை அடையுமுன் மழைநீர் தங்கி மண்ணை விட்டுச்செல்லும்படி குறுக்கு வடிகானும் குழியும் வெட்டுக. குழியிற் படிந்த மண்ணை மாதமொருமுறை வாரிப் பாத்தியில் இடலாம். அது இலவசமாகக் கிடைத்த பசளை.

வாய்க்கால் துப்புரவு செய்யும் நாளிலே, நீரோட்டத்தைத் தடுக்கும் புல்லையும் தூர்ந்த மண்ணையும் அகற்றுதல் அவசியமே. இப்பூண்டு நிற்கும் விளிம்பில் மாத்திரம் மண்வெட்டியைச் சற்று ஒதுக்கி இடுக. இலைக்கொத்து சிறியதாகையால் நீருக்குத் தடையாகாது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் முற்கூட்டியே இடத்தை அடையாளங் காட்டிவைத்தால், வேலைக்கு வருவோர் அனைவரும் அறிந்திருப்பர்.

செடியைக் கண்டவர் பிடுங்கி எடுத்துவருதல் வேண்டா. பூவோடு ஒரு படம், இலையின் மேற்புறமும் கீழ்ப்புறமும் தோன்ற ஒரு படம், இடம், நாள், நீர் எவ்வளவு ஆழத்தில் நின்றது என்ற குறிப்பு ஆகியவை போதும். பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அவற்றைக் கொடுத்தால் பேராதனைத் தாவரவியல் வல்லுநருக்கு அனுப்பி இனத்தை அறிந்துகொள்ளலாம். பூவின்றி இலையை மாத்திரம் கண்டு இனத்தைத் துணிதல் வல்லுநருக்கும் கடினம். ஒரே இனத்தின் இலை நீரின் உள்ளே ஒரு வடிவமாகவும் வெளியே வேறொரு வடிவமாகவும் இருக்கும்.

வருமானங் கருதி நீர்ச்செடி வளர்க்க விரும்புவோர், ஆற்றிலிருந்தன்றிப் பதிவுபெற்ற பண்ணையிலிருந்து தாய்ச்செடியைப் பெறுக. ஆழமற்ற சிமெந்துத் தொட்டியில் ஆற்றுமணலும் நன்றாக உக்கிய கூட்டெருவும் கலந்து இட்டு, மண் எந்நேரமும் நனைந்திருக்குமாறு நீர்விட்டு, கிடுகு அல்லது நிழல்வலையால் வெயிலைத் தணித்தல் வேண்டும். ஓடிகளிற் தோன்றும் கன்றுகள் இரண்டு மூன்று வேர் விட்ட பின்னரே பிரித்து நடத்தக்கவை. தொட்டியின் கழிவுநீர் ஓடையிற் சேராதிருத்தல் கட்டாயம். இடமாற்றி நட்ட சில நாட்களில் இலைகள் கூழாகி அழுகுதல் இச்செடியின் இயல்பு. அதனை நோயெனக் கருதி மருந்து தெளிக்கவோ செடியை எறியவோ வேண்டியதில்லை. அழுகிய இலைகளை மாத்திரம் அகற்றிவிட்டு, கிழங்குத் தண்டை அசையாது விட்டுவைத்தால் சில வாரங்களிற் புதிய இலை வரும்.